ஹம்முஸ் சாப்பிடலாம், எதைத் தொட்டு என்பதுதான் கேள்வி

"துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த என் கணவருக்கு ஹம்முஸ் மேல் அப்படி ஒரு பிரியம். கடையில் சின்ன டப்பாவே விலை அதிகம். சுகர் இருக்கிற என் அத்தையும் இப்போது விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தினமும் கொடுக்கலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?"
– வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாகக் கொடுக்கலாம், சகோதரி. வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், இவ்வளவுதான் ஹம்முஸ். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கே இதை வைப்பார்கள். ஆலிவ் எண்ணெயை விட்டால் இதில் எதுவும் உங்கள் அடுக்களைக்குப் புதிதில்லை.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. கடலையில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு. எள்ளில் அது அப்படியே தலைகீழ். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால் புரதத்தின் தரம் கூடுகிறது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைக்கிற திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் இதே கணக்குதான்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கிறது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ஹம்முஸைவிட அதைத் தொட்டுச் சாப்பிடுகிற குபூஸ் என்ற அரபு ரொட்டியைத்தான் கவனிக்க வேண்டும். குபூஸ் பெரும்பாலும் மைதா. ராத்திரி பரோட்டாவுக்குச் சால்னாவை விட்டுவிட்டு ஹம்முஸ் வைத்தாலும் பரோட்டா பரோட்டாதான்! வெள்ளரிக்காய், கேரட் துண்டுகளோடு கொடுங்கள். கம்பு தோசை என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். தை மாதம் பனங்கிழங்கு வந்ததும் அவித்து, நார் உரித்து, தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்த ஜோடி அது. ஆனால் கிழங்கில் மாவுச்சத்து உண்டு, அத்தைக்கு ஒரு சின்னத் துண்டு போதும்.

தினமும் 2 மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவு சரி. அதில் சுமார் 70 கலோரி. சாப்பிடுகிற சாப்பாட்டோடு கூடுதலாக இல்லாமல், வேறொன்றைக் குறைத்துக்கொண்டு இதைச் சேர்க்க வேண்டும். மேலே ஊற்றுகிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போனாலே 120 கலோரி, அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் மட்டும், கடலையில் பொட்டாசியம் இருப்பதால், டாக்டரிடம் அளவு கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கடலையிலும் எள்ளிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை உதவும், டீ தடுக்கும்.

வீட்டில் செய்வது சுலபம். கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயுத் தொல்லை குறையும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்து, விரலால் நசுக்கினால் மாவாகிற அளவுக்குக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். சுண்டல் பதத்தில் இறக்கினால் ஹம்முஸ் நறநறவென்று இருக்கும். எள் வெள்ளை எள்ளாக இருக்கட்டும், கறுப்பு எள் கசக்கும். சிறுதீயில் நிறம் மாறாமல் வறுத்து, எண்ணெய் விடும்வரை மிக்ஸியில் அரையுங்கள். அதிலேயே எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, அப்புறம் கடலை. கடைசியில் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்தால் வெண்ணெய் போலத் திரண்டு வரும்.

ஆலிவ் எண்ணெய்க்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் வாசனை தூக்கலாக இருக்கும், உங்கள் கணவர் முகம் சுளித்தால் பாதி ஸ்பூனாக்கிக்கொள்ளுங்கள். டப்பாவே வாங்கினாலும் லேபிளைப் பாருங்கள். பலவற்றில் சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோதான் இருக்கும், உப்பும் கூடுதல்.

மொத்தமாகச் செய்து வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். உங்கள் ஊர் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்க வேண்டாம்.