சென்சாருக்கும் ஆப்புக்கும் நடுவில் மிடில்வேர் எதற்கு?

கானாடுகாத்தானில் பூர்விக வீட்டைப் புதுப்பிக்கும் நீங்கள், ஆப் நேரடியாகவே சென்சாரிடம் பேசினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு சென்சார் என்றால் போதும். ஆனால் செட்டிநாட்டு வீடு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளுமே! முற்றத்தில் மழை சென்சார், இரண்டாங்கட்டில் நடமாட்ட சென்சார் என்று பல இருக்கும். ஒன்று ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு), இன்னொன்று வைஃபை. இவற்றின் வெறும் எண்களை வாங்கி, 'மழை பெய்கிறது, இரண்டாங்கட்டில் ஆள் இல்லை' என்ற செய்தியாக்கி, கேட்டுவைத்த ஆப்புக்கு மட்டும் அனுப்புவது மிடில்வேர். நாளை சென்சாரை மாற்றினாலும் ஆப்பைத் தொடவேண்டாம்.

உண்மையான சிரமம் சந்தேகத்தில்தான். முற்றம் கழுவிய தண்ணீர் தெறித்தாலும் சென்சார் மழை என்றே சொல்லும். தடித்த சுவர் தாண்டி சிக்னல் வராவிட்டால் பழைய எண்ணே நிற்கும். அதனால் நல்ல மிடில்வேர் ஒவ்வொரு தகவலோடும் அது வந்த நேரத்தைச் சேர்த்துவைக்கும், இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டும் பார்க்கும்.

அப்புறம், ஆச்சி எந்த அறையில் இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியலாம்? அந்த அனுமதியையும் மிடில்வேரில்தான் வைக்கவேண்டும், தயவுசெய்து முதல் நாளே வையுங்கள்.

கணினி விஞ்ஞானி மார்க் வைசர் 1991இல் எழுதிய, கண்ணில் படாமல் உதவும் கணினி இதுதான். தொடங்க, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளை இணைக்கும் மென்பொருள் போதும். கருவிகள் செய்தி பரிமாறும் முறையான எம்கியூடிடி (MQTT) மட்டும் போதாது. அது செய்தியைச் சேர்ப்பிக்கும், பொருள் பார்க்காது.