இலையைக் கடித்தது யார்? ரோஜா கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி, "ரோஜாவுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டு அத்தோடு முடிந்துவிடுகின்றன. செடியில் என்ன தெரிகிறது என்று எழுதாதவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அடுத்த முறை இலையின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: கேமரன் மலையில் வாங்கிய செடி. வாங்கும்போது கை நிறையப் பூ. இங்கே ஆகஸ்டு வெயிலில் நெல்லிக்காய் அளவில் பூத்து, வெளுத்து உதிர்கிறது. என்ன சத்துக் குறை?

சத்துக் குறை இல்லை, சூடு. கேமரன் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இரவில் 17 டிகிரிக்கு இறங்கும். இங்கே இரவிலும் 24 இருக்கிறது. சூட்டில் மொட்டு அவசரமாக விரிவதால் இதழ் குறையும், நிறமும் நிற்காது. காய்ந்த மண்ணில் உரத்தைக் கூட்டினால் வேர்தான் கருகும். காலை வெயில் 5 மணி நேரம் பட்டு, மதியம் 2 மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் சுமார் 45 நாளுக்கு முன் கவாத்து செய்யுங்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுங்கள். செடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். துளிர் தலைகாட்டியதும் 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில்), நனைந்த மண்ணில்.

கேள்வி: இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் அரைவட்டங்கள். புழு எதுவும் இல்லை.

இலைவெட்டித் தேனீ. தின்பதற்காக வெட்டுவதில்லை, மூங்கில் துளையிலோ சுவர் ஓட்டையிலோ கூடு கட்ட எடுத்துப் போகிறது. செடிக்கு நட்டமில்லை. மருந்து வேண்டாம்.

கேள்வி: இலையெல்லாம் சல்லடை. பகல் முழுக்கத் தேடியும் பூச்சி கிடைக்கவில்லை.

பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இரவு 8 மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். விரல்நகம் அளவில் பழுப்பு வண்டுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பகலில் அவை மண்ணுக்குள். சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கிளையை உலுக்குங்கள், விழும். ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். செடிக்கு மேலே எரியும் வாசல் விளக்கையும் அணையுங்கள்.

கேள்வி: புதுத் துளிரெல்லாம் நூல் மாதிரி மெலிந்து, மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்கிறார். வைரஸா? பூச்சிக்காக மாமா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பம்பில் ஒரு முறை மருந்து அடித்தோம்.

கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டு, என்னிடம் வைரஸ் என்கிறீர்கள். அந்தப் பம்பில் அதற்கு முன் என்ன இருந்தது? இந்த அறிகுறி கிளைபோசேட் களைக்கொல்லியின் கைவரிசை. பச்சைத் தண்டும் இலையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அது துளிர் நுனிக்கும் வேருக்கும் போய்ச் சேரும். அதனால்தான் அடித்த அன்று ஒன்றும் தெரியாமல், இரண்டு மூன்று வாரம் கழித்துத் துளிரில் தெரிகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மெலிந்த துளிர்களை வெட்டிவிட்டு, உரமே போடாமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். அடுத்த இரண்டு துளிர்ப்பில் இலை அகலமாக வந்தால் செடி பிழைத்தது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து வரும் கிளையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வேருக்காக வைத்த அடிச்செடி, உங்கள் ரோஜா அல்ல.

இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன்! களைக்கொல்லிக்கு ஒரு பம்பு, பூச்சி மருந்துக்கு வேறு பம்பு. 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் மூன்று முறை கழுவினாலும் குழாயிலும் வாஷரிலும் தங்கும். அதைவிட மோசம், மினரல் தண்ணீர் போத்தலில் மருந்தை ஊற்றி லயத்துச் சமையலறைக்குப் பின்னால் வைப்பது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. பழைய மிச்சத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம், முறிமருந்து இல்லை. சாக்கடையில் ஊற்றாதீர்கள், எங்கே ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவைக் கேளுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத எந்த மருந்தும் வீட்டுக்குள் வரக்கூடாது.

கேள்வி: இலை சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, அடியில் மெல்லிய வலை. எறும்புப் பொடி போட்டேன்.

எறும்புப் பொடி எதற்கு? இது சிலந்திப்பேன், மழையில்லாத வாரங்களில் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவை. காலை 9 மணிக்குள் செய்யுங்கள், மாலையில் இலை நனையக் கூடாது. கரும்புள்ளி நோய்க்கு இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே போதும். இரவு அதைத் தாராளமாகக் கொடுக்கும். கண்ட பூச்சி மருந்தையும் அடித்தால் பேனைத் தின்னும் பூச்சிகள் முதலில் சாகும், பேன் இரட்டிப்பாகும்.

கேள்வி: கவாத்து செய்யப் போனால் கிளையில் தேன்சிட்டுக் கூடு தொங்குகிறது.

ஒரு மாதம் அந்தச் செடியைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டலாம். குஞ்சுக்கு ஊட்ட அது பிடிக்கும் பூச்சிகள் உங்கள் செடியிலிருந்தும்தான் போகும்.

கேள்வி: மில்லில் கிடைத்த, பழம் எடுத்த செம்பனை வெறுங்குலைகளை ரோஜாவுக்கு அடியில் குவித்தோம். இப்போது கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள்.

குவித்ததுதான் தவறு. மட்கும் குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. புழு ரோஜா வேரைத் தின்னாது. ஆனால் வளர்ந்த வண்டு ஊரில் உள்ள தென்னையையும் செம்பனையையும் துளைக்கும். புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். குலையைப் பிய்த்து ஒரே அடுக்காக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். சாம்பல்சத்து நிறைய உண்டு, ஈரமும் நிற்கும்.

கேள்வி: வெள்ளை முகமுள்ள ஆந்தை இரவில் கூரையில் உட்காருகிறது. கெட்ட சகுனமா?

எலிகளுக்கு மட்டும். அது கூகை, எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் பெட்டி வைத்தே வளர்க்கிறார்கள். எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும்.

கேள்வி: முட்டை ஓடு போட்டால் பெரிய நத்தை வராதாமே?

வரும். இரவில் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது, மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம்.

கேள்வி: தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கலாமா?

கூடாது. வேர் அழுகும், ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார இலாகா பார்த்தால் 500 வெள்ளி வரை அபராதம். அந்தக் காசுக்கு எத்தனை செடி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.