மாநில நீதிமன்றம் தேர்தல் விதியை மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில் தேர்தல் விதிகளை வகுப்பது மாநிலச் சட்டமன்றம்தானே? மாநில நீதிமன்றம் அதில் எப்படிக் கைவைக்கிறது?

பதில்: அமெரிக்க அரசியல் சட்டம் அந்த வேலையைச் சட்டமன்றத்திடம் ஒப்படைத்திருப்பது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டமும் உண்டு; அதைக் காப்பது மாநில நீதிமன்றம். சட்டமன்றத்துக்கு அது கடிவாளம் போடுமா என்பதில்தான் வம்பு.

2020 அதிபர் தேர்தலின்போது பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். சட்டப்படி, தபால் வாக்கு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் வந்து சேர வேண்டும். அஞ்சல் தாமதத்தைக் காரணம் காட்டி மாநில உச்ச நீதிமன்றம் 3 நாள் கூட்டிக் கொடுத்தது. இதற்குத் தடை கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்; அங்கே நீதிபதிகள் 4-4. சரிபாதியாகப் பிரிந்தால் தடை கிடையாது. பிறகு, தாமதமாக வந்த உறைகளைத் தனியே வைத்து, எண்ணினாலும் தனியாக எண்ணும்படி அந்த நீதிமன்றத்தின் நீதிபதி அலிட்டோ உத்தரவிட்டார். உறையிலிருந்து எடுத்து மற்ற சீட்டுகளோடு கலந்துவிட்டால் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாதே! அப்படி வந்தவை சுமார் 10,000. பைடனின் முன்னிலையோ 80,000க்கும் மேல். இதற்கா இத்தனை ரகளை என்று தோன்றும்.

ஆனால் யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி அப்படியே நின்றது. 2023 ஜூனில், வட கரோலினா மாநிலத்தின் தொகுதி வரைபடம் பற்றிய 'மூர் எதிர் ஹார்ப்பர்' வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: மாநில நீதிமன்றம் தேர்தல் சட்டங்களை ஆராயலாம், ஆனால் வழக்கமான வரம்பைத் தாண்டிச் சட்டமன்றத்தின் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரம்புக்கு அளவுகோல் எதுவும் தரவில்லை. வக்கீல்களுக்கு வேலை குறையாது.