அட்வான்ஸ் திரும்ப வருமா? எழுதிக் கொடுத்த வீடு திரும்ப வருமா?

கேள்வி: ஆதம்பாக்கத்தில் பிளாட் வாங்க 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டேன். வங்கி லோன் தரவில்லை. விற்பவர் பணத்தைத் தர மறுக்கிறார்.

பதில்: அக்ரிமென்டை எடுத்து லோன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். '60 நாளுக்குள் வங்கிக் கடன் கிடைத்தால் கிரயம்' என்று ஒரு வரி இருந்தால் நல்லது. கெடுவுக்குள் அது நடக்காவிட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 35ஆவது பிரிவுப்படி ஒப்பந்தம் செல்லாமல் போகும், 65ஆவது பிரிவுப்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த வரி இல்லையென்றால் சிக்கல்தான். லோன் வராததை 56ஆவது பிரிவு சொல்லும் 'நிறைவேற்ற முடியாத நிலை' என்று கோர்ட் சுலபத்தில் ஏற்காது, பணம் புரட்டுவது வாங்குபவர் பொறுப்பு.

கேள்வி: மேற்கு மாம்பலம் வீட்டை 2019இல் மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது மருந்துக்குக்கூடப் பணம் தருவதில்லை. ரத்து செய்யலாமா?

பதில்: அம்மா, நீங்களாக சார் பதிவாளரிடம் போய் ரத்துப் பத்திரம் போட்டால் அது நிற்காது, அதற்குச் செலவழிக்காதீர்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆவது பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்று பத்திரத்தில் இருந்து, மகன் அதைச் செய்ய மறுத்தால், மோசடி செய்தோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதி அதை ரத்து செய்யலாம். பல பத்திரங்களில் அந்த வரி இருக்காது, 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று பழைய நகலைப் பார்த்து எழுதிவிடுவார்கள். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆனால் முதியவர்களைக் காக்கும் சட்டம் என்பதை மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது, அப்புறம் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டே அன்பும் பிரியமும் சொல்லாமல் சொன்ன நிபந்தனைதான் என்றது. அதனால் மனம் தளராதீர்கள். மருந்துச் சீட்டு, பாஸ்புக், மகன் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு எடுத்த கடையில் வெள்ளம் புகுந்தது. ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுமா?

பதில்: தானாக முடியாது. கடை நிரந்தரமாகப் பயன்படாத அளவுக்குக் கெட்டுப் போயிருந்தால்தான் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108(e) பிரிவு உதவும், அப்போதும் முடித்துக்கொள்வது உங்கள் விருப்பம் என்பதால் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பத்து நாள் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது என்றால் போதாது. கறை படிந்த சுவரையும் விரிசலையும் தேதியோடு போட்டோ எடுத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: பவர் கொடுத்த அப்பா இறந்துவிட்டார். பவர் ஏஜென்ட் இப்போது மனையை விற்கலாமா?

பதில்: கூடாது. கொடுத்தவர் இறந்ததும் பவரும் முடிந்தது. ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியதை இருந்தால் மட்டும் விஷயம் வேறு. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஏஜென்டுக்கும் சார் பதிவாளருக்கும் இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள்.