மென்பொருள் சொல்லும் வேகமும் துப்பாக்கி காட்டும் வேகமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். குண்டு கிளம்பும் வேகத்தை முன்கூட்டியே கணக்கிடும் குவிக்லோடு போன்ற மென்பொருள் காட்டிய வேகம் ஒன்று, துப்பாக்கி தந்தது வேறு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கூட்டின் (வெடிமருந்தை அடைக்கும் உலோக உறை) கொள்ளளவுதான் காரணம். மென்பொருளில் முன்பே இருக்கும் எண் ஏதோ ஒரு பொதுக் கூட்டுக்கானது. உங்கள் துப்பாக்கியில் சுட்ட வெற்றுக்கூட்டை, பழைய பிரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டி) உள்ளேயே இருக்க, எடை போடுங்கள். வாய்வரை தண்ணீர் ஊற்றி, காற்றுக்குமிழி போகத் தட்டிவிட்டு, மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் கொள்ளளவு. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் சுமார் 56 கிரெயின் (சிறிய எடை அலகு) தண்ணீர் வரும். ராணுவக் கூடு பொதுவாகத் தடிமன், அதனால் கொள்ளளவு குறையும். இடம் குறைந்தால் அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் ஏறும். இதில் விளையாட்டு வேண்டாம்: தொடக்க அளவை வெடிமருந்து நிறுவனம் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுங்கள், திரையிலிருந்து அல்ல.

அப்புறம், குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்த வேகத்தையே குண்டின் பாதையைக் கணக்கிடும் மென்பொருளில் போடுங்கள். வினாடிக்கு 2,600 அடியை 2,650 என்று போட்டால் 1,000 கஜத்தில் ஓர் அடிக்கு மேல் பிசகும். காற்று குண்டை எவ்வளவு தடுக்கும் என்று கணக்கிட ஜி1, ஜி7 என்று மாதிரிகள் உண்டு; வால்பக்கம் கூம்பிய நீளக் குண்டு என்றால் ஜி1 சரிவராது, ஜி7 மாதிரிதான் பொருந்தும். குண்டுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஜி1 எண்ணை ஜி7 கட்டத்தில் தட்டிவிட்டு, "மென்பொருள் பொய் சொல்கிறது" என்று புலம்புவது தனிக் கூத்து.