கோல்ஃப் கேள்வி–பதில்: உறைபனிக் காலம்

பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க மட்டையைக் கீழே வைக்காத வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. ஊட்டியிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது.

வெப்பமானி 3 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் காலையில் போனால் ‘உறைபனி, மைதானம் மூடல்’ என்று பலகை தொங்குகிறது. 10 மணிக்கு வெயில் வந்து வெள்ளை எல்லாம் போன பிறகும் திறப்பதில்லை. சந்தா கட்டியவர்களை ஏன் இப்படிக் காக்கவைக்கிறார்கள்?
– ஒரு வாசகர், ஹாரோ

அந்த 3 டிகிரி தரையின் வெப்பநிலை அல்ல. வானிலை நிலையங்களில் வெப்பமானி இருப்பது ஆள் நெஞ்சு உயரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். அதனால் மேலே 3 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மேகம் மூடிய இரவில் இந்தத் தொல்லை குறைவு.

இனி, ஏன் மிதிக்கக் கூடாது என்பது. புல் இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். சாதாரண நாளில் மிதித்தால் வளைந்து நிமிர்ந்துவிடும். உறைந்திருக்கும்போது மிதித்தால் உள்ளே இருக்கும் பனிக்கட்டி செல் சுவர்களைக் கிழித்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. நடந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஓரிரு நாளில் ஒவ்வொரு காலடியும் பழுப்பாகி, பிறகு கறுத்து, யார் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே நின்று பட் செய்தார் (பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்டினார்) என்று படம் போட்டதுபோல் தெரியும். க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பகுதியில், புல்லின் உயரமே சில மில்லிமீட்டர். போன இலைக்குப் பதில் புது இலை வர வேண்டும். மண் குளிர்ந்து கிடக்கும் மாதங்களில் அது வராது. ஜனவரித் தடம் சில சமயம் வசந்தம் வரை நிற்கும். ஃபேர்வேயில் (க்ரீனுக்குப் போகும் வழியில் உள்ள வெட்டிய புல்வெளி) ஒரு துண்டை ஒட்ட வெட்டி ‘தற்காலிக க்ரீன்’ என்று கொடி நடுவது இதற்காகத்தான்.

வெள்ளை போன பிறகும் மூடி வைத்திருக்கிறார்களே என்கிறீர்கள். உண்மையில் அதுதான் மோசமான நேரம். மேலே ஒரு சென்டிமீட்டர் உருகியிருக்கும். அடியில் மண் இன்னும் கல்லாக இருக்கும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல் மண் கூழாகிவிடும். வேரின் கீழ்ப்பகுதி பனிக்கட்டியின் பிடியில். அந்த நிலையில் யாராவது காலைத் திருப்பினால் மேல்பகுதி வழுக்கி நகரும், வேர் நடுவில் அறுந்துபோகும். பார்வைக்கு க்ரீன் பச்சையாக அழகாகவே இருக்கும், அதனால்தான் சண்டை வருகிறது. மைதானக்காரர் ஒரு கத்தியைக் குத்திப் பார்ப்பார். கொஞ்சம் இறங்கி ‘டொக்’கென்று நின்றால் திறக்க மாட்டார். அவரோடு வாதாடாதீர்கள். ஹாரோ பக்கம் களிமண் வேறு. தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். உறைபனி எதிர்பார்க்கும் நாளில் 11 மணிக்கு மேல் நேரம் பதியுங்கள். மர நிழலிலும் பள்ளத்திலும் இருக்கும் க்ரீன்கள் கடைசியில்தான் தெளியும். மணற்பாங்கான கடலோர லிங்க்ஸ் மைதானங்கள் சீக்கிரம் திறப்பதற்குக் காரணம் மணலும் கடலின் வெதுவெதுப்பும்.

க்ரீனில் என் பட் பாதையில் வெள்ளையாக உறைபனி இருந்தது. கையுறையால் துடைத்தேன். கூட ஆடியவர் 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டம் என்றார். சரிதானா?
– ஒரு வாசகி, குரொய்டன்

சரிதான். மேட்ச் ப்ளேயாக (குழிக்குக் குழி வெற்றி தோல்வி எண்ணும் ஆட்டம்) இருந்தால் அந்தக் குழியையே இழந்திருப்பீர்கள்.

தமிழில் நமக்குப் புல்மேல் துளியும் பனி, வெள்ளைப் படலமும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி. விதிப் புத்தகம் அப்படி விடுவதில்லை. பனித்துளியும் உறைபனியும் தளர்பொருளும் (இலை, குச்சி போல ஒட்டாமல் கிடப்பது) அல்ல, தற்காலிகத் தண்ணீரும் அல்ல. துடைக்கவும் முடியாது, இலவசமாக நகர்ந்து ஆடவும் முடியாது. வானத்திலிருந்து விழுந்த வெண்பனியும் இயற்கையாக உறைந்த கட்டியும் வேறு: இலையைப் போல அகற்றலாம், அல்லது தேங்கிய தண்ணீராகக் கருதி விலகி ஆடலாம், உங்கள் விருப்பம். டீ பகுதியில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) மட்டும் உறைபனியைத் துடைக்கலாம். க்ரீனில் பந்தைக் குறியிட்டு எடுத்து, பந்தில் ஒட்டியதைத் துடைப்பதிலும் தவறில்லை.

இதோடு ஒன்று. கைச்சூட்டுப் பை வைத்திருக்கலாம், ஆனால் அதில் பந்தைச் சூடாக்கி அடித்தால் தண்ட ஸ்ட்ரோக் இல்லை, நேரடியாகத் தகுதி நீக்கம்.

7 அயர்னில் (7-ஆம் எண் இரும்பு மட்டை) 150 யார்டு போகும். குளிரில் ஒரு நாள் குறைகிறது. இன்னொரு நாள் க்ரீனைத் தாண்டி ஓடுகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், லெஸ்டர்

மட்டையை விட்டுவிட்டு முதலில் தரையைக் கேளுங்கள். குதிகாலால் அழுத்திப் பாருங்கள்.

குதிகால் அமுங்கினால் கணக்கு எளிது. 25 டிகிரிக் காற்றைவிட 0 டிகிரிக் காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி கூடியது, பந்தும் விறைத்திருக்கும், மூன்று சட்டை போட்ட தோளும் முழுதாகத் திரும்பாது. ஒரு மட்டை கூடுதலாக எடுங்கள் (7 அயர்னுக்குப் பதில், இன்னும் தூரம் போகும் 6), எதிர்க்காற்று இருந்தால் இரண்டு.

அமுங்கவில்லையா? அப்போது பந்து எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. உறைந்த க்ரீனில் நேராக விழுந்த பந்து சிமென்ட் தரையில் விழுந்ததுபோல் எகிறும்; ஸ்பின் பிடிக்காது. கொடி 150 யார்டில் என்றால், 120 அல்லது 125-இல் விழுந்து உருளட்டும். நடுவில் பங்கர் (மணல் பள்ளம்) இருந்தால் பக்கவாட்டுத் திறப்பைக் குறிவையுங்கள்; கொடியை மறந்துவிடுங்கள். முதல் இரண்டு குழிகளில் பந்து எத்தனை யார்டு ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டால் மீதிக் குழிகளுக்கு அதுவே அளவு.

க்ரீனுக்குப் பக்கத்தில் லாப் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் மட்டை) எடுக்கவே வேண்டாம். அதன் அடிப்பகுதி கெட்டித் தரையில் பட்டு எகிறி, விளிம்பு பந்தின் நடுவில் மோதும்; பந்து க்ரீனின் எதிர்ப்பக்கம் பறக்கும். 8 அயர்னை பட்டர் (க்ரீனில் பந்தை உருட்டும் மட்டை) போலப் பிடித்து, பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, தரையைத் தொடாமல் தட்டுங்கள். புல் குட்டையாக இருந்தால் பட்டரே போதும்.

உறைந்த பங்கரில் மணலை வெட்டி எடுக்கும் வழக்கமான அடி செல்லாது. மட்டையின் முகத்தைத் திறக்காமல் பந்தை மட்டும் சுத்தமாக எடுங்கள். கரை தாழ்வாக இருந்தால் பட்டரால் உருட்டி ஏற்றலாம். மணிக்கட்டு வலித்தால், அடிக்காமல் ஒரு ஸ்ட்ரோக் தண்டம் ஏற்பதே லாபம்.

டீ (பந்தை வைக்கும் சிறு முளை) தரையில் இறங்குவதில்லை, ட்ராலியின் (மட்டைப் பை வண்டி) பேட்டரி 12-ஆவது குழியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கிளாஸ்கோ

டீயை அழுத்தாதீர்கள், உடைந்து விரலில் குத்தும். தரைமேல் உட்காரும் ரப்பர் டீ ஒன்று வாங்குங்கள். அடிக்கும்போது பறந்து தொலையாமல் இருக்க, நூலால் இன்னொரு டீயோடு கட்டி வைப்பார்கள். லித்தியம் பேட்டரி குளிரில் குறைவாகத்தான் கொடுக்கும். அதைக் காரில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜில் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே போடுங்கள். ட்ராலிக்கே தடை போடும் நாள்களும் உண்டு என்பதால், 8 மட்டையோடு தோளில் மாட்டும் பை ஒன்று இருப்பது நல்லது. கொடிக்கம்பை வெடுக்கென்று உருவாதீர்கள். குழிக்குள் இருக்கும் கிண்ணத்தோடு அது உறைந்து ஒட்டியிருந்தால் கிண்ணமும் மேலே வந்து, குழியின் வாய் பிய்ந்துவிடும். 2019 முதல் கம்பு உள்ளே இருக்கும்போதே பட் செய்யலாம். குளிர்காலத்தில் அப்படியே விடுங்கள்.

ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரியில் புல் வெளுத்துக் கிடக்கிறது. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகர், உதகை

பாதி பொருந்தும். தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் உறைபனி பிடிக்கிறது. ஆனால் அது இலைமேல் மட்டும். மண் ஆழமாக உறைவதில்லை. வெயில் பட்டு வெள்ளை போய், புல் காய்ந்ததும் ஆடலாம். அதுவரை க்ரீனில் ஏறக் கூடாது என்பதில் மாற்றமில்லை. தூரக் கணக்கு மட்டும் தலைகீழ்: 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிவு. 0 டிகிரியிலும் ஊட்டிக் காற்று, 30 டிகிரிச் சென்னைக் காற்றைவிட சுமார் 15 சதவீதம் அடர்த்தி குறைந்தது. சமவெளியில் அளந்த தூரத்தை வைத்துக் கணக்கிட்டால், கூடுதல் மட்டை எடுக்கும் அறிவுரை உங்களுக்கு இல்லை.

குளம் உறைந்திருக்கிறது. பந்து நாலடி தூரத்தில் ஐஸ்மேல் தெரிகிறது. போய் எடுக்கலாமா?
– ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்

வேண்டாம். ஒரு ஸ்ட்ரோக் தண்டத்தோடு வேறு பந்தை டிராப் செய்யுங்கள் (கையிலிருந்து தரையில் விடுங்கள்).