'ஆர்-பாயிண்ட்' மொக்கைப் படமா?

கேள்வி: போன வாரம் ஹாஸ்டல் அறையில் நாங்கள் ஐந்து பேர் லேப்டாப்பில் 'ஆர்-பாயிண்ட்' என்ற கொரியப் பேய்ப் படம் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற நாலு பேரும் "செம மொக்கை, பேயே சரியா வரல, யார் யாருன்னே தெரியல, கடைசியில என்ன ஆச்சுன்னும் சொல்லல" என்கிறார்கள். விமர்சனங்களைத் தேடினால் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். என் ரசனையில்தான் கோளாறா? நண்பர்களிடம் எப்படிப் பேசுவது?
- பெயர் வேண்டாம், கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. அதற்காக நண்பர்களைத் திட்டவும் என்னால் முடியாது, ஏனென்றால் "யார் யாருன்னே தெரியல" என்று அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே சீருடை, ஒரே ஹெல்மெட், முகத்தில் சேறு, பாதிப் படம் இருட்டில், இதில் சப்டைட்டிலையும் படித்துக்கொண்டு ஒன்பது பேரை அடையாளம் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. எனக்கு இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் முகங்கள் பிடிபட்டன.

இன்னும் படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள், இனிமேல் முடிவு வரை எல்லாம் சொல்லப் போகிறேன்.

2004-இல் கோங் சூ சாங் இயக்கிய படம். கதை நடப்பது 1972 ஜனவரியில், வியட்நாமில். ஆறு மாதத்துக்கு முன்னால் ஆர்-பாயிண்ட் என்ற இடத்தில் காணாமல் போய், செத்துவிட்டார்கள் என்று கணக்கு முடிக்கப்பட்ட கொரிய வீரர்களிடமிருந்து ரேடியோவில் உதவி கேட்டு அழைப்பு வருகிறது. அவர்களைத் தேடி ஒன்பது பேரை அனுப்புகிறார்கள். போகிறவர்களில் பலர் பால்வினை நோய்க்காக ராணுவ மருத்துவமனையில் கிடந்தவர்கள், இந்த வேலையை முடித்தால் ஊருக்கு அனுப்புகிறோம் என்று ஆசை காட்டித்தான் கூட்டிப் போகிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கையில் ரத்தம் படிந்தவன் இங்கிருந்து திரும்ப முடியாது என்கிறது அது.

உங்கள் நண்பர்கள் பேய் வரவில்லை என்கிறார்கள். எனக்கென்னவோ படம் முழுக்கப் பேய்தான் என்று தோன்றுகிறது. ரேடியோக்காரனிடம் ஒரு பிரெஞ்சுக்காரன் சகஜமாகப் பேசுகிறானே, அங்கே இருந்த பிரெஞ்சுப் படை எப்போதோ செத்துப்போனது என்பது பின்னால்தான் தெரிய வருகிறது. அவர்களுக்கும் முன்னால் சீனர்கள் வந்து உள்ளூர் மக்களைக் கொன்று ஏரியில் போட்டு அதன் மேலேயே கோயில் கட்டினார்கள் என்று ஒரு பழங்கதை. நடுவில் அமெரிக்கர்கள் வந்து போகிறார்கள், கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது கொரியர்கள். வந்த படைகளையெல்லாம் அந்த மண் வரிசையாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை உடைப் பெண் ஒருத்தி அவ்வப்போது தெரிவதை வைத்துக்கொண்டு, அவள் யார், யார் மேல் பழி, அவளுக்கு என்ன ஃபிளாஷ்பேக் என்று தேடினால் படம் புரியாது, அப்படி ஒரு ஃபிளாஷ்பேக்கே அதில் இல்லை. நம்மூர்ப் பேய்ப் படங்களில் இடைவேளைக்கு அப்புறம் அது கட்டாயம் வந்துவிடும், அதையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது தலைகளை எண்ணுகிற விஷயம். வந்தது ஒன்பது பேர், ஆனால் குழுவில் பத்துப் பேர் நடமாடுகிறார்கள், யாருக்கும் அது உறைக்கவே இல்லை. அப்புறம் ஒருவன் இறந்துபோய், ரேடியோவில் பெயரைச் சொன்னால், மேலிடத்திலிருந்து அவன் உங்களோடு வந்தவனே இல்லை, ஆறு மாதத்துக்கு முன்னால் காணாமல் போன கூட்டத்தில் ஒருவன் என்று பதில் வருகிறது. அந்த நிமிஷத்தில் டமால் என்று இசை இல்லை, கேமரா யார் மேலும் பாயவில்லை. இத்தனை நாள் கூடவே சாப்பிட்டுக் கூடவே நடந்தவன் யார் என்று அவர்களோடு சேர்ந்து நாமும் யோசிக்கிறோம், அவ்வளவுதான். இதைப் போய் மொக்கை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? முதல் அரைமணி நேரம் மெதுவாகப் போகிறது என்றால் ஒத்துக்கொள்வேன்.

நண்பர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியாமல் இருந்திருக்கலாம், வியட்நாமில் கொரியர்களுக்கு என்ன வேலை என்பது. 1964 முதல் 1973 வரை தென் கொரியா அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக வெளியிலிருந்து வந்த பெரிய படை அதுதான். அதிபர் பார்க் சுங் ஹீ காலம், நாடு ஏழ்மையில் இருந்தது, படை அனுப்பியதற்குப் பதிலாக அமெரிக்காவிடமிருந்து பணமும் ராணுவ உதவியும் வந்தன, வீரர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போனது. சுமார் 5,000 பேர் அங்கே இறந்தார்கள். இன்னொரு பக்கம், 1968 பிப்ரவரியில் குவாங் நாம் மாகாணத்தில் ஃபோங் நீ, ஃபோங் நியத் என்ற கிராமங்களில் கொரிய மரைன் படையினர் 70-க்கும் மேற்பட்ட ஊர்மக்களைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதெல்லாம் கொரியாவில் வெளிப்படையாகப் பேசப்பட்டது 1999-இல் ஒரு வார இதழ் எழுதத் தொடங்கிய பிறகுதான், அதற்காக மறுவருடமே முன்னாள் வீரர்கள் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் 2004-இல் இந்தப் படம் வருகிறது. கையில் ரத்தம் படிந்தவன் என்று கல்வெட்டு யாரைச் சொல்கிறது என்று அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த கொரியர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. ஃபோங் நீயில் உயிர் பிழைத்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், அரசு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2023-இல்தான்.

இதே காரணத்தால்தான் எனக்குப் படத்தின் மேல் ஒரு வருத்தமும் உண்டு, அதை உங்கள் நண்பர்கள் யாரும் சொல்லவில்லை. வியட்நாமியர் என்று இதில் நமக்குக் கிடைப்பது, மூங்கில் புதரில் மெஷின் கன்னோடு குற்றுயிராய்க் கிடக்கும் அந்தப் பெண்ணும், ஆவியும்தான். சாகக் கிடப்பவளை அப்படியே விட்டுவிட்டு நடக்கிறார்கள். வாய் திறந்து தன் பக்கத்தைச் சொல்ல அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. கொரியர்களின் குற்ற உணர்ச்சியை இவ்வளவு நன்றாகச் சொன்ன படம், குற்றம் யாருக்கு இழைக்கப்பட்டதோ அவர்களைப் பேயாக மட்டுமே வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

வீரர்கள் தங்கும் அந்தப் பாழடைந்த மாளிகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, படத்துக்குப் பாதி பலம் அதுதான். செட் இல்லை, நிஜக் கட்டடம். கம்போடியாவில் காம்போட் பக்கத்தில் 1,000 மீட்டருக்கும் மேலே போகோர் மலையில் 1920-களில் பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய ஓட்டல். அந்த மலைவாசத்தலத்தைக் கட்டும்போதே கூலியாட்கள் ஏராளமாகச் செத்தார்கள், 1979-இல் கம்போடியாவை அதுவரை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படைக்கும் வியட்நாம் படைக்கும் அங்கேயே சண்டை நடந்தது. சுவரில் படிந்த பாசி, மலையில் கவியும் மூடுபனி எல்லாம் அந்த இடத்துக்கே உரியவை. இப்போது அதைப் புதுப்பித்து மறுபடியும் ஓட்டலாக்கிவிட்டார்கள்.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். கண் பார்வை போன ஒருவன் மட்டும் பிழைக்கிறான். ஆவி பார்வை வழியாகத்தான் ஆளுக்குள் புகுகிறது, இவனுக்குப் பார்வை இல்லை, அதனால் தப்பித்தான் என்பது ஒரு கட்சி, இவன் கையில் ரத்தம் படியவில்லை, அதனால்தான் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி, ஏனென்றால் கடைசியில் இவனும்தானே சுடுகிறான். கல்வெட்டின் கணக்குப்படி இவனையும் விட்டிருக்கக் கூடாது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் தாராளமாக நினையுங்கள், படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, அந்தத் தெளிவின்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நண்பர்களிடம் "உங்களுக்குப் புரியல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்த ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். எந்த இடத்தில் போன் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தீர்கள் என்று கேளுங்கள். அந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து பத்து நிமிஷம், லைட்டை அணைத்து, ஹெட்போனில், தலைகளை எண்ணிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து பேரும் ஒரு லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்தால் அந்த ரேடியோ இரைச்சலில் பாதி காதில் விழாது. அதற்கு அப்புறமும் மொக்கை என்றால் சரி, விட்டுவிடுங்கள், ஒருவனுக்குப் பயம் வரவில்லை என்றால் வாதாடிப் பயத்தை வரவழைக்க முடியாது.

அப்புறம், இதே இயக்குநர் 2008-இல் 'தி கார்ட் போஸ்ட்' என்று இன்னொரு படம் எடுத்தார், வட-தென் கொரிய எல்லைக் காவல் சாவடி ஒன்றில் நடக்கிற கதை. உங்களுக்குப் பிடிக்கும். ரத்தம் ரொம்ப ஜாஸ்தி, சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.